பச்சை மல்லாட்டையை எரித்த ஞாயிற்றுக்கிழமை

என் மகள் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை 'எங்க மிஸ்' வரும். மிஸ் சிரிச்சாங்க, மிஸ் புதுசா கண்ணாடி போட்டாங்க, மிஸ் சொன்னாங்க. நானும் அந்த மிஸ் நடத்தும் அதே அறிவியலைத்தான் திண்டிவனத்தில் இன்னொரு பள்ளியில் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன். பெற்ற பிள்ளை ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, பாடத்தில் சந்தேகம் என்று என்னிடம் வந்ததில்லை. வயிறு எரியுமா எரியாதா, சொல்லுங்கள்.

விழுப்புரத்தில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்கு அவள் எடுத்துக்கொண்டது உணவில் இருக்கும் கலோரியை அளக்கும் சோதனை. உருளைக்கிழங்குத் துண்டில் நட்ட குண்டூசியில் மல்லாட்டைப் பருப்பை, அதாவது வேர்க்கடலையை, குத்திப் பற்றவைத்து, மேலே தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாயைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறியது என்று பார்த்தால், பருப்புக்குள் இருந்த சக்தியைக் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் பிள்ளை தானாகக் கண்டுபிடித்த ஏதாவது ஒன்று இருந்தால்தான் கண்காட்சிக்கு அனுப்புவோம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மிஸ்ஸே வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். என் சமையல் மேடைக்கு முன்னால் என் மகள் அவள் தோளை உரசிக்கொண்டு நின்றாள். எனக்கு டீ போடும் வேலை.

மிஸ் பையிலிருந்து எடுத்தது அப்போதுதான் பிடுங்கிய பச்சை மல்லாட்டை. எனக்குள் ஒரே குதூகலம். அட அசடே, ஈரப் பருப்பு எங்கே எரியும்? வாயை மூடிக்கொண்டு டீயை ஆற்றினேன். தீக்குச்சி மேல் தீக்குச்சியாகக் கிழித்தார்கள். பருப்பு உஸ்ஸென்று நுரைத்தது, கருகியது, பற்றவில்லை. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தோற்பதற்குக்கூட இவ்வளவு சந்தோஷமா! என்னோடு அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று.

பிறகு மகள் சிரிப்பை நிறுத்தினாள். கருகிய பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "மிஸ், இது வந்து..." என்று இழுத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஈரம்டி! சூடெல்லாம் ஈரத்த ஆவியாக்கவே போயிடும். காஞ்ச மல்லாட்டைய எரிக்கணும். இதுகூடத் தெரியாம என்னா சோதனை?"

டப்பாவிலிருந்து காய்ந்த பருப்பை எடுத்து நானே குத்தினேன், நானே கொளுத்தினேன். எண்ணெய் கசியக் கசிய எரிந்தது. தெர்மாமீட்டர் கிடுகிடுவென்று ஏறியது. கணக்கையும் நானே போட்டேன். மிஸ்ஸின் முகம் ஒரு நொடி வாடியது. "சூப்பர் மேடம்" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்த மகளையும் நான் விடவில்லை. "பாத்தியா உங்க மிஸ்ஸோட லட்சணத்த? பச்சை மல்லாட்டைய எரிக்க வந்துட்டாங்க."

"தெரிஞ்சிதாம்மா வாங்கினு வந்தாங்க. ஏன் பத்தலன்னு நானே கண்டுபிடிக்கணும்னு." குழாயைக் கழுவிக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. "கண்டுபிடிச்சிட்டேன்மா. சொல்லத்தான் வாய தொறந்தேன்."

கண்காட்சிக்கு வேறொரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கும் என் மகள் மிஸ்ஸின் தோளில்தான் போய் அழுதாள்.