டீ எடுத்து வரப் போன நேரம்

என் தங்கை ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைப்பாள், ஷூ லேஸ் கட்டிவிடுவாள், வராண்டாவைப் பெருக்குவாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்துவிட்டால் அந்த வாய் எங்கே போய் ஒளியுமோ தெரியாது.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை நன்றாகப் படம் வரைவாள். பள்ளி விட்ட பிறகு டிராயிங் சார் அவளைத் தனியாக உட்காரவைத்துப் போட்டிக்குத் தயார் செய்தார். ஒருநாள் அவள் என் தங்கையின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயா, நீங்க இங்கயே பெருக்குறீங்களா?"

"இங்க குப்பையே இல்லையேடா கண்ணு."

"சார் கதவைச் சாத்துறாரு."

அதற்கு மேல் அவள் சொன்னதை நான் இங்கே சொல்லமாட்டேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் என் பேத்தி கேட்டும் சொல்லவில்லை.

அன்று முதல் தங்கை அந்த அறை வாசலைவிட்டு நகரவில்லை. பெருக்கின இடத்தையே பெருக்கினாள். வாட்ச்மேன் கிண்டல் செய்தார்.

"இப்படித் தேய்ச்சா தரையில ஓட்டை விழுந்துடும்மா."

"விழட்டும். உன் மூஞ்சியைப் பாக்குறதுக்கு ஓட்டையைப் பாக்கலாம்."

ஆனால் எத்தனை நாள் பெருக்க முடியும்? பெரிய டீச்சரிடம் போய்ச் சொன்னாள். பிள்ளையிடமும், "நீயும் சொல்லணும்டா. நான் பக்கத்துலயே நிப்பேன்" என்று கையடித்துக் கொடுத்தாள்.

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. பென்சில் திருட்டோ அடிதடியோ, இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிப்பது அவர் வழக்கம். இதற்கும் அதையே செய்தார். அப்பா, அம்மா, டிராயிங் சார் எல்லோரும் நாற்காலியில். பிள்ளை மட்டும் நடுவில் நின்றது, என் தங்கையின் விரலைப் பிடித்துக்கொண்டு.

"ஆயா, எல்லாருக்கும் டீ எடுத்துட்டு வாங்க."

"அம்மா, நான் இங்க கொஞ்சம்..."

"போயிட்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம்."

விரலை விடுவித்துக்கொண்டு போனாள். தட்டோடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"டிவி பாத்துப் பாத்து என்னென்னவோ பேசுது சார். மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் அம்மா.

"சாரி சார்" என்றது பிள்ளை, தரையைப் பார்த்து.

தங்கை அந்த ஆளின் கையிலும் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். தங்கையை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். அந்த ஆள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான். சில வருடம் கழித்து இன்னொரு பிள்ளையின் அம்மா யாரிடமும் கேட்காமல் நேரே போலீசுக்குப் போனாள். அதன்பிறகு பெரிய டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அன்னைக்கு அவளைத் தனியா வச்சுக் கேட்டிருக்கணும்."

"ஆமாம்மா" என்றாள் தங்கை. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது சரிதான் என்பேன், யார் என்ன சொன்னாலும்.

போன மாதம், படம் வரைந்த அந்தப் பெண் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தாள். வளர்ந்துவிட்டாள், வேலைக்குப் போகிறாள். தங்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"உக்காரும்மா, டீ போட்டு எடுத்துட்டு வரேன்."

"வேண்டாம் ஆயா. நீங்க இங்கயே இருங்க."

தங்கை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். பால் கொதித்த பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.