நீர்யானை செய்த இன்ஸ்பெக்‌ஷன்

கும்மிடிப்பூண்டியில் முப்பது வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டியவன் நான். கிரேன் கர்டர், கன்வேயர் ஃப்ரேம், தண்ணீர் டேங்க் என்று என் கைவழியே போகாத சாமான் குறைவு. சுத்தியலால் தட்டிப் பார்க்கிற இன்ஸ்பெக்டர், டார்ச் அடித்துப் பார்க்கிற இன்ஸ்பெக்டர், டீ குடித்துக்கொண்டே தூரத்திலிருந்து பார்க்கிற இன்ஸ்பெக்டர் என எல்லா ரகத்தையும் சமாளித்திருக்கிறேன். என் வேலையை ஒருத்தரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொன்னது ஒரே ஒருத்தர்தான். அவருக்கு நான்கு கால், ஒரு டன்னுக்கு மேல் எடை, பெயர் பாண்டி.

என் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். ஒருவன் என்னை நீர்யானை துரத்தியதாகவே சொல்லிவிட்டான். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

1. கம்பி இல்லாத கூண்டு

சிட்டிக்குத் தெற்கே இருக்கிற பெரிய உயிரியல் பூங்காவிலிருந்து ஆர்டர் வந்தது. ஒரு நீர்யானையை வேறு மாநிலத்துப் பூங்காவுக்கு லாரியில் அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு பெட்டி. அளவெடுக்க நானே போனேன். கம்பி வைத்த கூண்டு என்று நினைத்து, கம்பிக்கு ரேட் கூட விசாரித்து வைத்திருந்தேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா தலையை ஆட்டினார். “கம்பியே வேணாங்க. வழியெல்லாம் லாரி, பஸ்ஸுன்னு பாத்தா மிரண்டுடும். நாலு பக்கமும் மூடி, காத்துக்கு மட்டும் ஓட்டை. உள்ள அரையிருட்டா இருக்கணும். மேல ஒரு தண்ணி பைப். போற வழியெல்லாம் தோல் காயாம நனைச்சுகிட்டே போகணும்.”

நீர்யானையைப் பார்த்துக்கொள்ளும் கீப்பர் ஏழுமலை. நம்ம கடம்பத்தூர்க்காரர். அவர்தான் பாண்டியைக் காட்டினார். பின்தொடையில் கிழிந்த காயம். முதுகில் சிவப்பாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. “ஐயோ, ரத்தம்!” என்றேன்.

“அது ரத்தம் இல்ல மேஸ்திரி. அவன் தோல்ல ஊறுற எண்ணெ மாதிரி ஒண்ணு. வெயில் தாங்கறதுக்கு. தொடையில கீது பாருங்க, அதான் ரத்தம். அவன் அப்பன் கடிச்சது.”

பெரிய குளத்தில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய ஒரு மலை கிடந்தது. அதுதான் அப்பன். ஆண்குட்டி வளர்ந்துவிட்டால் அப்பனுக்கே ஆகாதாம். ஒரே குளத்தில் இரண்டு ஆண் இருக்க முடியாது. அடுத்த கடி கழுத்தில் விழுந்தால் பாண்டி பிழைக்க மாட்டான்.

“மயக்க ஊசி போட்டு ஏத்திடலாமே?” என்று கேட்டேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: நீர்யானைக்கு ஊசி போட்டால் பயத்தில் தண்ணீருக்குள் ஓடும். மயக்கம் தண்ணீருக்குள் வந்தால் மூழ்கிவிடும். கரையிலேயே விழுந்தாலும் மூச்சுத் திணறும். ஆகவே அவனே நடந்து பெட்டிக்குள் போக வேண்டும். வேறு வழி இல்லை.

ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லா செஞ்சி குடு நைனா. இவன் பொறந்ததுலேர்ந்து நான்தான் பாத்துகினு கீறேன்.”

2. கண்ணைப் பறிக்கிற பெட்டி

அந்த மாதிரி ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகு சும்மா செய்ய முடியுமா? சேனல் வைத்து ஃப்ரேம், சுற்றிலும் தகடு, இரண்டு முனையிலும் மேலே தூக்குகிற கதவு. உள்பக்கம் ஒரு வெல்டிங் பிசிறு இல்லாமல் கிரைண்டிங். கையைத் தேய்த்துப் பார்த்தேன், ஒரு கீறல் விழவில்லை. தரைக்குப் புள்ளி புள்ளியாக மேடு வைத்த செக்கர்டு பிளேட், கால் வழுக்கக் கூடாது என்று. பக்கத்து ரோலிங் மில்லில் பில்லெட் என்கிற கனத்த இரும்புக் கட்டிகளைக் கேட்டு வாங்கி, உள்ளே அடுக்கி, கிரேனில் தூக்கி லோடு டெஸ்ட்டும் பார்த்தாயிற்று. ஒரு நூல் கூட வளையவில்லை.

அப்புறம் பெயிண்டர் பாஷா. கும்மிடிப்பூண்டி வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஷெட்டை விட்டு எது வெளியே போனாலும் மஞ்சள் அடித்து, ஓரத்தில் கறுப்புக் கோடு இழுக்க வேண்டும். பாஷா உள்ளேயும் வெளியேயும் இரண்டு கோட் அடித்தான். கோடுகள் ஸ்கேல் வைத்த மாதிரி இருந்தன. வெளிப்பக்கம் ஷெட் பெயரை எழுதி, பூ போட்டான். லாரியில் ஏற்றியபோது எதிர் ஷெட்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். எனக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன்?

3. ஃபெயில்

பாண்டி ராத்திரி தங்குகிற கொட்டகையின் வாசலோடு பெட்டியைச் சேர்த்து வைத்தோம். அவசரமாக அடைப்பது கிடையாது. தினமும் உள்ளே தீனி வைப்பார்கள். அவனாக வந்து தின்று பழகின பிறகுதான் ஒருநாள் கதவை இறக்குவார்கள். புலி, கரடி எல்லாவற்றுக்கும் அங்கே இதே முறைதான். இழுப்பது, அடிப்பது, விரட்டுவது எதுவும் இல்லை.

ஏழுமலை தர்பூசணியை உடைத்து உள்ளே வைத்தார். பாண்டி வந்தான். மூக்கை நீட்டினான். ‘புஸ்’ஸென்று ஊதிவிட்டுத் தலையைத் திருப்பினான். ஏழுமலை கெஞ்சிக் கூப்பிட, ஒரு காலை உள்ளே வைத்தான். அவ்வளவுதான், வெடுக்கென்று பின்வாங்கி மூலையில் போய் நின்றுகொண்டான்.

பல நாள் இதே கதை. போனில் ஏழுமலையின் குரல் உடைந்துகொண்டே வந்தது. “துன்ன மாட்டேங்கறான் மேஸ்திரி. பேஜாரா கீது. மழக்காலத்துக்குள்ள ஏத்தணுமாம். இல்லாங்காட்டி, ஆபத்தானாலும் ஊசிதான்றாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. பாண்டி மேல் இல்லை, பெட்டி மேல். லோடு டெஸ்ட் பாஸ், வெல்டிங் பாஸ், அளவு பாஸ். அப்புறம் என்ன குறை? மறுநாளே முதல் மின்சார ரயிலில் ஏறிவிட்டேன்.

4. நானே உள்ளே போனேன்

பாண்டியை அடுத்த அறையில் அடைக்கச் சொல்லிவிட்டு, கைகால் ஊன்றி நாலு காலில் பெட்டிக்குள் போனேன். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். எங்கள் தொழிலில் மிஷின் ஓடவில்லை என்றால் மிஷினுக்குள் தலையை விட்டுப் பார்ப்பதுதான் வழக்கம்.

முட்டியை வைத்தேன். ‘டங்’ என்றது. கையை வைத்தேன். ‘டங்’. நாள் முழுக்க கிரைண்டர் சத்தத்தில் கிடக்கிற எங்கள் காதுக்கு அது ஒரு சத்தமே இல்லை. மண்ணிலும் சேற்றிலும் மட்டும் கால் வைத்துப் பழகினவனுக்கு? தரை கூச்சல் போடுகிறது! மூன்று பக்கமும் தகடு, அதில் அந்தச் சத்தம் வேறு திரும்பி வருகிறது. நானே ஒரு நிமிஷம் வெளியே ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

“ஏழுமலை, அவன் பயப்படறது பெட்டிக்கு இல்ல. தரைக்கு!” என்று உள்ளேயிருந்தே கத்தினேன்.

கும்மிடிப்பூண்டியில் தேய்ந்துபோன கன்வேயர் பெல்ட்டுக்குப் பஞ்சமா? விரல் தடிமன் ரப்பர். மறுநாள் லோடு ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து தரையில் விரித்து, மேலே மரப்பலகை அடித்தேன். குதித்துப் பார்த்தேன். ‘தொப்’ என்று செத்த சத்தம். அன்றைக்குப் பாண்டி இரண்டு காலை உள்ளே வைத்தான். வைத்தவன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பின்வாங்கினான்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“கோச்சிக்காத மேஸ்திரி. பெயிண்ட்டு நாத்தம்.”

5. பாஷாவின் கோடுகளுக்கு வந்த கதி

நீர்யானை சாணி போடும்போது வாலை விசிறி மாதிரி ஆட்டிச் சுற்றிலும் தெளித்துவிடும். அசிங்கத்துக்காக அல்ல. ‘இது என் இடம்’ என்று போர்டு வைக்கிற வேலை அது. அதனால் ஏழுமலை கேட்டது இதுதான்: பாண்டியின் சாணியை எடுத்துப் பெட்டியின் உள்ளே முழுக்கப் பூச வேண்டும்.

“என் பெட்டியில சாணியா? யோவ், ரெண்டு கோட் எனாமல்யா அது!”

“அவனுக்கு அதான்யா ஊடு வாசனை. அப்பன் சாணி ஒரு துளி கலந்துச்சு, கிட்டவே வர மாட்டான். இவன் ரூம்புலேர்ந்து நான் பாத்து அள்ளியாரேன்.”

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் தொடைக் காயம் கண்ணில் பட்டது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நானும் ஒரு கை அள்ளினேன். மஞ்சளும் போயிற்று, கறுப்புக் கோடும் போயிற்று. வாசனையைப் பற்றி நான் எழுத மாட்டேன். ரயிலில் என் பக்கத்து சீட் கும்மிடிப்பூண்டி வரை காலியாகவே வந்தது. விஷயத்தைச் சொன்னபோது பாஷா பிரஷ்ஷைத் தூக்கி மூலையில் எறிந்தான்.

அந்த வாரமே போன் வந்தது. “உள்ள போயி துன்னுட்டு, அங்கியே படுத்துக்கினான் மேஸ்திரி! எழுந்து வர மாட்டேங்கறான்!” எழுதுவதற்கு வெட்கமில்லை, ஷெட் நடுவில் நின்று விசில் அடித்தேன்.

6. அடி

கிளம்புகிற அன்று நானும் போயிருந்தேன். பாண்டி வழக்கம்போல உள்ளே போனான். கதவு இறங்கியது. சட்டென்று உள்ளேயிருந்து ஒரு அடி! கோரைப்பல்லால் பக்கத் தகட்டில் இடித்துவிட்டான். தகடு வெளியே புடைத்தது. என் கண் வெல்டிங்கை விட்டு நகரவில்லை. ஒரு இடத்திலும் வாய் பிளக்கவில்லை.

ஏழுமலை அந்தப் புடைப்பின் மேலேயே உள்ளங்கையை வைத்தார். “டேய் பாண்டி... நான் கீறேன்டா. இங்கதான் கீறேன்.” உள்ளே அடங்கியது. பைப்பில் தண்ணீர் விட்டார்கள். லாரி ஊர்ந்து கிளம்பியது. ஏழுமலையும் கூடவே போனார்.

போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். நாஷ்டா கூடச் சாப்பிடவில்லையாம். “எறங்கிட்டான் நைனா. புதுக் குளம். தனிக் குளம். தண்ணிக்கு அடியில நடந்து போயி, நட்ட நடுவுல தல தூக்கினு பாக்கறான்.” சொன்னவர் அழுதுவிட்டார். நானும்தான்.

இப்போது பூங்காவில் பெரிய மிருகம் எது வெளியூர் போனாலும், கழுவித் திரும்பி வந்த அந்தப் பெட்டிதான். அதைப் பார்த்து இன்னும் சில பெட்டிகள் கேட்டார்கள். அடியில் பெல்ட், மேலே பலகை, உள்ளே பெயிண்ட் கிடையாது. எதைச் செய்தாலும் அதில் கால் வைக்கப் போகிறவனாக ஒருமுறை உள்ளே போய் வா என்று ஷெட்டில் எல்லோரிடமும் சொல்கிறேன். நாலு காலில் போக வேண்டி வந்தாலும் போ.

போன மாதம் கதவைத் தூக்குகிற ரோப்பை மாற்ற அந்தப் பழைய பெட்டி ஷெட்டுக்கு வந்திருந்தது. பாஷா வெளிப்பக்கத்தைச் சுரண்டிப் புது மஞ்சள் அடிக்க ஆரம்பித்தான். புடைப்பைப் பார்த்ததும் சுத்தியலைத் தூக்கிவிட்டான்.

“அண்ணே, இத்த தட்டி நேர் பண்ணிட்டு அடிக்கிறேன். அசிங்கமா கீது.”

“கைய வெச்ச, தொலைச்சிடுவேன். வெல்டிங்க டெஸ்ட் பண்ணிட்டு இன்ஸ்பெக்டர் போட்ட சீல்டா அது.”

பாஷா புடைப்பை விரலால் தடவிப் பார்த்தான். சுத்தியலைக் கீழே வைத்தான். சின்ன பிரஷ்ஷை எடுத்து, புடைப்பைச் சுற்றி வெள்ளையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குக் கீழே அவனுடைய நல்ல கையெழுத்தில் ‘பாஸ்’ என்று எழுதினான்.