கிளியம்மாளின் கருவாட்டு குரூப்

மரக்காணம் பக்கத்து நாலு மீனவர் குப்பங்களுக்கும் அம்சாதான் கிராம சுகாதார செவிலியர். கண்டமங்கலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டு, இருபத்தோரு வருஷமாகக் காலையில் மரக்காணம் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருப்பவள். புயல், சுனாமி எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதிலெல்லாம் வராத எரிச்சல் இந்த வாட்ஸ்அப்பில் வந்தது.

2017ஆம் வருஷம் மேலே இருந்து உத்தரவு. ஒவ்வொரு செவிலியரும் தன் பகுதித் தாய்மார்களுக்கு ஒரு குரூப் ஆரம்பிக்க வேண்டும், தடுப்பூசித் தேதி, பரிசோதனைத் தேதி எல்லாம் அதிலேயே சொல்ல வேண்டும். அம்சாவும் கர்ப்பிணிப் பதிவு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த எண்பத்தாறு நம்பரையும் ஒவ்வொன்றாக ஏற்றி, ‘தாய் சேய் நலம்’ என்று பேர் வைத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது யாருமில்லை, அவளேதான்.

பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தால் நூறு சேதி இருக்கும். ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம், முருகன் படம், முருகனைப் பதினோரு பேருக்கு அனுப்பாதவன் கதி என்ன என்று ஒரு மிரட்டல். பப்பாளி இலைச்சாறு, நிலவேம்பு, யாரோ காணாமல் போன குழந்தை. நடுவில் எங்கேயோ அம்சா போட்ட ‘கர்ப்பிணித் தாய்மார்கள் தவறாது கலந்துகொள்ளவும்’ மூச்சு முட்டிக் கிடக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது கிளியம்மாளின் குரல். கருவாட்டு வியாபாரி, ஐம்பத்தைந்து வயசு. குப்பத்துப் பெண்கள் உலர்த்துகிற நெத்திலியும் வாளையும் அவள் கைக்குத்தான் போய்ச் சேரும். எந்தப் புண்ணியவான் சேர்த்துவிட்டானோ, தினமும் விடிந்ததும் குரூப்பில் அவள் குரல் கேட்கும்.

“எக்கா, நெத்திலி நல்லா காய வைங்கக்கா. நேத்து வந்ததுல மண்ணு. பாண்டிச்சேரிக்காரன் திருப்பி அனுப்பிட்டான், எனக்குத்தான் பேஜாரு.”

அம்சா அவளை நீக்கினாள். மறுநாள் திரும்ப வந்துவிட்டாள். பஞ்சாயத்து எழுத்தர் சக்கரபாணியையும் அட்மின் ஆக்கி வைத்ததன் பலன் அது. அந்த ஆள் வீட்டில் வாரம் தவறாமல் வஞ்சிரக் கருவாடு மணக்கும்போது, அவர் எப்படிச் சேர்க்காமல் இருப்பார்? மூன்று தடவை நீக்கினாள், மூன்று தடவையும் சேர்த்தார். நாலாவது தடவை அவளை நீக்கி, அவரையும் அட்மினிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அம்சா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட இல்லை. கோபி என்கிற மீனவனின் மனைவி சங்கவிக்கு ஒன்பதாம் மாதம், தலைச்சன். போன வாரம் பார்த்தபோதே கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா துணை சுகாதார நிலையத்துக்கு வருவதாக இருந்தது. அன்றைக்குச் சங்கவி வந்தே ஆக வேண்டும். விட்டால் வலிப்பு வரும், தாயும் போகும் பிள்ளையும் போகும். அம்சா தன் சர்வீஸில் அப்படி ஒரு சாவைப் பார்த்தவள். அதனால் குரூப்பை நம்பாமல், நோட்டில் இருந்த சங்கவியின் நம்பருக்குத் தனியாகவே சேதி போட்டாள். ரெண்டு டிக்கும் நீலமாயின. கட்டைவிரல் ஒன்றும் பதிலுக்கு வந்தது. அப்பாடா என்று படுத்துத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா வந்து, பதினான்கு பேரைப் பார்த்துவிட்டு, சங்கவி எங்கே என்று கேட்டார். நம்பரைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. அம்சா வேகாத வெயிலில் வீட்டுக்கே ஓடினாள். பூட்டியிருந்தது.

“ஞாயித்துக்கிழமை வளைகாப்பு ஆச்சே நர்ஸம்மா,” என்றாள் பக்கத்து வீட்டு அம்மணி. “அம்மா வூட்டுக்குக் கூட்டிக்கினு போய்ட்டாங்க.”

“அம்மா வீடு எங்க?”

“எக்கியார்குப்பமோ, அனுமந்தையோ, அந்தப் பக்கம்தான். நல்லா தெரியாது.”

“அப்புறம் போன் எல்லைக்கு வெளியேன்னு ஏன் வருது?”

“அது கோபி நம்பராச்சே. அது போட்ல கீது. கவர்ல கட்டிக் கடலுக்கு எடுத்துக்கினு போவான். தங்கல் போயிருக்கான், கடல்லயே தங்கி மீன் புடிச்சிட்டு நாளைக்குத்தான் வருவான்.”

அம்சாவுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரைக்கும் சிக்னல் கிடைக்குமாம். போகிற போக்கில் படித்துவிட்டு, வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான் பாவி. நோட்டில் உள்ள எண்பத்தாறு நம்பரும் இப்படித்தானே இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அயோடின் உப்பு, இரும்புச்சத்து மாத்திரை, தாய்ப்பால் என்று இத்தனை மாதமாக அவள் ஓதியதையெல்லாம் நடுக்கடலில் வலை இழுப்பவர்கள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“கிளியம்மா கிட்ட கேளுங்களேன்,” என்றாள் அம்மணி. “நீங்க எடுத்தப்புறம் அது தனியா ஆரம்பிச்ச கருவாட்டு குரூப்புல சங்கவி கீது. அம்மா வூட்லயும் நெத்திலி காய வச்சிக்கினுதான் இருக்கும்.”

“சங்கவிகிட்ட போன் இருக்கா?”

“எங்க எல்லார்கிட்டயும் கீதே. கருவாட்டுக் காசுல வாங்கினது.” இடுப்பிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினாள்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டது. அம்சா மணலில் செருப்பு புதையப் புதையக் கிளியம்மாளின் கருவாட்டுக் கொட்டகைக்குப் போனாள். நாலு முறை நீக்கப்பட்டவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாளைக் கருவாட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாங்க நர்ஸம்மா. இங்கிருந்தும் என்னை எடுக்க வந்தீங்களா?”

“அக்கா,” என்றாள் அம்சா. இத்தனை வருஷத்தில் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “தப்பு என்னுதுதான். அப்புறமா எவ்ளோ வேணா திட்டுங்க. சங்கவிக்குக் கால் வீங்கி பிரஷர் ஏறியிருக்கு, தலைவலி வந்தா உயிருக்கே ஆபத்து.”

கிளியம்மாள் கையை முந்தானையில் துடைத்தாள். வேறு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

“தே சங்கவி. நெத்திலி கெடக்கட்டும், காக்கா தின்னா தின்னுட்டுப் போவுது. கால் வீங்கிக் கீதாமே, தலை வலிக்குதா? நர்ஸம்மா இங்க அழுவாத குறையா நிக்குது. ஜல்தியா உங்க அம்மாவோட ஆட்டோ புடிச்சிக்கினு டாக்டரம்மா கிட்ட வா. பக்கத்துல இருக்கறவங்க யாரு இதைக் கேட்டாலும் சங்கவிய இட்டுக்கினு வாங்க.”

டாக்டரம்மா கிளம்பாமல் காத்திருந்தார். முக்கால் மணி நேரத்தில் ஆட்டோ வந்தது. காலையிலிருந்து தலைவலி, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள் சங்கவி. ரத்த அழுத்தம் நூற்றறுபதுக்கு நூற்றுப்பத்து. ஊசி போட்டு 108இல் ஏற்றி விழுப்புரம் அனுப்பினார்கள், அம்சாவும் கூடவே போனாள். அன்று சாயங்காலமே ஆபரேஷன். ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

நாலாம் நாள் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சங்கவியைப் பார்க்கப் போனபோது, அடக்கி வைத்திருந்த கோபத்தை அம்சா கொட்டினாள்.

“இவ்ளோ நாளா போன் வச்சிக்கினு ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“நீங்க என்னைக் கேக்கலையே நர்ஸம்மா,” என்றாள் சங்கவி, சாதாரணமாக. “வீட்டு நம்பர் சொல்லுன்னீங்க. வூட்டுக்காரர் சொன்னாரு. எழுதிக்கினீங்க.”

தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டது அம்சாவுக்கு நினைவிருந்தது. இத்தனை நாளும் குரூப்பைத் திட்டினாள், சக்கரபாணியைத் திட்டினாள், முருகன் படத்தைக்கூடத் திட்டினாள். திட்ட வேண்டிய ஆள் ஒருத்தி மிச்சம் இருந்திருக்கிறாள்.

அன்றைக்கே கிளியம்மாள் அவளைத் தன் குரூப்பில் சேர்த்துக்கொண்டாள். சேர்த்த கையோடு குரலில் ஒரு சட்டமும் வந்தது.

“நர்ஸம்மா, ஆறு மணிக்குள்ள உன் சேதியச் சொல்லிடு. அப்புறம் கருவாட்டு வெலைதான். எழுதிப் போடாத, வாயால சொல்லு. காலை வணக்கம் போட்டா எடுத்துடுவேன்.”

அடுத்த வாரம் ஒரு புதுப் பெண் மூன்று மாதம் என்று பதிவுக்கு வந்தாள். கூட வந்த புருஷன் பழக்கப்படி ஆரம்பித்தான்.

“எழுதிக்கங்க. தொண்ணூத்தி நாலு...”

“நீ இருப்பா,” என்று அம்சா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்தாள். “உன் நம்பர் என்னம்மா?”

அவள் புருஷனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு பத்து எண்ணையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.