கோடு இல்லாத கிளாஸ்

விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றுகிறவனுக்கும் ஓட்டலில் சாம்பார் ஊற்றுகிறவனுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: சாம்பாரில் தண்ணீர் கலந்தால் திட்டு விழும், பெட்ரோலில் கலந்தால் ஆளே விழுவார்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். அறுபதுகளில் பிழைப்புக்காகக் கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்து, ஓர் எண்ணெய் ஏஜென்டிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பத்துபஸ்தியில் வீடு. விமானத் திடலுக்கு நடந்தே போய்விடலாம். எப்போதாவது வரும் பெரிய விமானத்துக்கும், செல்லையா முதலாளியின் சின்ன விமானத்துக்கும் பெட்ரோல் ஊற்றுவது என் வேலை. 'சீக்கிரம், சீக்கிரம்' என்று அடுத்தவர் சொல்லக் கேட்டே காது புண்ணான தபால்காரர், ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர் எல்லோரும் என் இனம்தான். இது உங்களுக்காக எழுதுவது. அப்படி ஒரு 'சீக்கிரம்' கேட்டு, ஒரு மனிதரின் உயிரைக் கிளாஸில் பிடித்து வைத்துப் பார்த்தும் கோட்டை விட்டவன் நான்.

கப்பலில் வந்த விமானம்

செல்லையா முதலாளி ராமநாதபுரத்துக்காரர். மரக் காண்ட்ராக்டர், மரைன் ஹில்லில் வீடு. மெட்ராசில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கியிருந்தார். சிலர் சீட்டு விளையாடுவார்கள், சிலர் தூண்டில் போடுவார்கள், இவருக்குப் பறக்க வேண்டும். இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கினார். அது மெயின்லேண்டிலிருந்து கடல் தாண்டிப் பறந்து வருகிற அளவுக்குப் பெட்ரோல் பிடிக்காது. அதனால் உடம்பு ஒரு பெட்டியிலும் இறக்கைகள் இன்னொரு பெட்டியிலுமாகக் கப்பலில் வந்தது.

கூடவே வந்த மெக்கானிக் பத்து நாளில் அதைப் பூட்டி முடித்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சந்தனம் பூசினோம். வானிலைக் குடிசையில் காற்றும் மழையும் அளக்கும் பிஸ்வாஸ் பாபு, குடியேறி வந்த வங்காளி. எங்களோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசுவார். ஒரு தேங்காய்ச் சில்லை மென்றபடி விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என்னிடம் சொன்னார்: "உட்னேவாலா சாமான், பறக்குற சாமான், பானி மேலே, தண்ணி மேலே வந்துச்சு. திரும்பி பானிக்கே போகாம பாத்துக்கோ, சவரி பாய்."

படுத்திருக்கும் டிரம்கள்

பெட்ரோல் டிரம்மை எப்போதும் படுக்க வைக்க வேண்டும். நிற்க வைத்தால் மழைத் தண்ணீர் தலையில் தேங்கும். பகல் வெயிலில் டிரம் உப்பும், ராத்திரி குளிரில் சுருங்கும். சுருங்கும்போது மூடி இடுக்கு வழியாகத் தேங்கின தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற எங்கள் ஊரில், நிற்கிற டிரம்மை நம்பினால் குடும்பத்தோடு கெட்டோம். படுக்க வைத்தது போதாதென்று, ஊற்றும்போது தோல் வடிகட்டி வேறு. அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும்.

அது இறங்குகிற வரைக்கும் முதலாளிக்கு இருப்புக் கொள்ளாது. வாட்சைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லியே விட்டார்: "டிரம்மு எல்லாம் படுத்துத் தூங்குது. நீ ஒருத்தன்தான் நின்னுக்கிட்டே தூங்குறே!"

கொப்பரைத் தராசு

சின்ன விமானம் என்பது ஏறக்குறைய சைக்கிள்தான். பின்னால் உட்காருகிறவரின் எடையை முன்னால் இருப்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலாளியின் மனைவி மீனாட்சியம்மா முதல் முறை பறக்க வந்தபோது எடை கேட்டேன். அவர் சொன்ன எடை கல்யாணத்துக்கு முந்தியது. பிஸ்வாஸ் பாபு குடிசைக்குப் பின்னால் கிடந்த கொப்பரைத் தராசைக் காட்டினார். திடலில் நின்ற அத்தனை பேரும் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

டேங்க் நிறைய ஊற்றினால் இரண்டு பேரைத் தூக்காது. அதனால் முதலாளி எப்போதும் பாதி டேங்க்தான் ஊற்றச் சொல்வார். பாதி காலியாக இருந்தால் உள்ளே ஈரக் காற்று புகுந்து தண்ணீராகும், திரும்பி வந்ததும் நிரப்பிவிட வேண்டும் என்று நான் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. அன்றைக்கு அம்மா தராசைப் பார்த்தார், கணவரின் தொப்பையைப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "கொப்பரை நிறுக்கிற தராசுல நான் ஏற மாட்டேன். கனம் கொறையணும்னா அவரு எறங்கட்டும்."

அந்தக் கிளாஸ்

இனிமேல்தான் சங்கதி. உங்களில் யாரிடமாவது சொந்த விமானம் இருந்தால் ஊன்றிக் கவனியுங்கள். ஸ்கூட்டர் இருந்தாலும் பரவாயில்லை.

பறப்பதற்கு முன் டேங்கின் அடியிலுள்ள சின்னக் குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பெட்ரோல் பிடித்துப் பார்ப்பது வழக்கம். நாங்கள் ஊற்றிய பெட்ரோல் சாயம் கலந்து சிவப்பாக வரும். தண்ணீர் இருந்தால் கனம் காரணமாகக் கிளாஸின் அடியில் தங்கும். மேலே சிவப்பு, கீழே தண்ணீர், நடுவில் ஒரு கோடு. கோடு தெரிந்தால் தண்ணீர், தெரியாவிட்டால் சுத்தம். அப்படித்தான் நான் கற்றிருந்தேன்.

ஒரு வருஷம் மீனாட்சியம்மா, தன் தங்கையின் பிரசவத்துக்கு மெயின்லேண்ட் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டார். இங்கே அடைமழை. விமானம் திறந்தவெளியில், பாதி டேங்க்கோடு, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் நைந்து போயிருந்தது. நான் சொல்லி, முதலாளியும் மெட்ராசில் வாங்கி வரும்படி அம்மாவுக்குக் கடிதம் போட்டிருந்தார். காற்று எந்த நாளில் தார்ப்பாயை ஒதுக்கியது என்று எனக்குத் தெரியாது.

கப்பல் வருகிற காலையில் மழை விட்டிருந்தது. முதலாளி ஓடி வந்தார். கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது மேலே பறந்து இறக்கையை ஆட்டிக் காட்டுவதாக மனைவிக்கு எழுதியிருக்கிறாராம். நான் பழைய பெட்ரோல் வேண்டாம், முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுகிறேன் என்றேன். நேரமில்லை என்றார். குழாயைத் திறந்து கிளாஸில் பிடித்தேன். தூக்கிப் பிடித்துக் கோட்டைத் தேடினேன். கோடு இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, பளிங்கு போல இருந்தது. அவரிடமும் நீட்டினேன். கிளாஸைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். "இம்புட்டுச் சுத்தமா நான் பாத்ததே இல்ல சவரி. எடு கட்டையை!" என்றார்.

நேராகப் போனவர்

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுத்தேன். வழக்கமாக எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்குவார், அன்றைக்கு அதுவும் இல்லை. குழாயிலும் எஞ்சினிலும் மிச்சமிருந்த பழைய பெட்ரோல் அவரைத் தரையிலிருந்து கிளப்பும் வரை போதுமானதாக இருந்தது. கடல் பக்கமாக எழும்பி, தென்னை உயரம் தாண்டி இன்னும் கொஞ்சம் போனதும் எஞ்சின் இரண்டு தடவை இருமியது. அப்புறம் சத்தமே இல்லை. எனக்கு அப்போதுதான், அந்த இடத்தில்தான், கிளாஸில் சிவப்பே இல்லை என்பது உறைத்தது. நைந்த வாஷர் வழியாக இறங்கிய மழை டேங்கின் அடியில் ஒரு கிளாஸுக்கு மேலேயே தேங்கியிருக்கிறது; நான் பார்த்தது முழுக்க முழுக்கத் தண்ணீர்.

முதலாளி ஒன்றை மட்டும் சரியாகச் செய்தார். திடலுக்குத் திரும்பப் பார்க்கவில்லை. அந்த உயரத்தில் திரும்பினால் ஓர் இறக்கை சாய்ந்து தலைகுப்புற விழ வேண்டியதுதான். மூக்கைத் தாழ்த்தி நேராகப் போய், அலையாத்திக் காட்டுக்கு வெளியே ஆழமில்லாத தண்ணீரில் வயிறு தட்டி இறங்கினார். அவர் போட்டிருக்க வேண்டிய மிதவைச் சட்டை என் கொட்டகை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கரையில் கிடந்த ஒரு டோங்கி வள்ளத்தைத் தள்ளி, துடுப்புப் போட்டுப் போனேன். மேரி மாதாவை அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் கூப்பிட்டதில்லை. முதலாளி இறக்கை மேல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ரத்தம், இடது கை தொங்கியது. என்னைக் கண்டதும் கேட்டார்: "மணி என்ன சவரி? கப்பல் உள்ள வந்திருச்சா?"

கைப்பையில் வந்தது

கப்பல் வந்துவிட்டிருந்தது. மீனாட்சியம்மா மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கூட நின்றவர்களிடம் 'அதோ எங்க வீட்டுக்காரர்' என்று காட்டியிருக்கிறார். விமானம் மரங்களுக்கு மேலே தெரிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அது சத்தமில்லாமல் கீழே போய் மரங்களுக்குப் பின்னால் மறைந்தபோது, ஏதோ வித்தை காட்டுகிறார் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். அம்மாவும் தட்டினாராம்.

ஆஸ்பத்திரியில் அம்மா கணவரின் கட்டிலருகே வந்து நின்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன். என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று பட்டது. அவர் கைப்பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கணவரின் நெஞ்சு மேல் வைத்தார். "நீங்க கேட்ட ரப்பர் வாஷர். மெட்ராஸ் பூரா அலைஞ்சு வாங்கியாந்தேன். எங்க மாட்டணும், சொல்லுங்க."

கேட்டதும் கேட்காததும்

விசாரணைக்கு மெயின்லேண்டிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். வேலை போனால் நான் மூன்று பிள்ளைகளோடு அடுத்த கப்பல் ஏற வேண்டியதுதான். என் மனைவி ரோசம்மா சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே சொன்னாள், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." நல்ல புத்திமதி. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

ஆபீசர் கேட்டது ஒரே கேள்வி: "கிளாஸில் கோடு தெரிந்ததா?" இல்லை என்றேன். அது உண்மை. அவரும் எழுதிக்கொண்டார். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். டிரம் அனுப்பினவன் மேலோ, மழை மேலோ பழி போயிருக்கும். முதலாளி எதிரே கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "நிறமும் இல்லீங்க. அது முழுக்கத் தண்ணி. நான் கோட்டை மட்டும்தான் தேடினேன்" என்று சொல்லிவிட்டேன். ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். அப்போது முதலாளி எழுந்தார்: "கிளாஸை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான் சார். நானும் பாத்தேன். எனக்கு மணி மட்டுந்தான் தெரிஞ்சுது. ஓட்டுறவன் நான், எழுதுறதா இருந்தா என் பேரை முதல்ல எழுதுங்க."

கிறிஸ்துமஸ் விருந்தாளி

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், முதலாளிக்கு ஒரு வருஷம் லைசென்ஸ் நிறுத்தம். அதற்குப் பிறகு கிளாஸைப் பிடித்தால் நிறம் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், இரண்டு சொட்டுக் கையில் விட்டு உலர்கிறதா என்றும் பார்ப்பேன். சிவப்பாக வருகிற வரை குழாயை மூட மாட்டேன். எவ்வளவு பெரிய மனிதர் 'சீக்கிரம்' என்றாலும், அந்த நேரத்தில் எனக்குக் காது கேட்காது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று முதலாளியும் அம்மாவும் பத்துபஸ்திக்கு எங்கள் வீடு தேடி வந்தார்கள். இன்னொரு விமானம் பார்த்திருப்பதாகவும், நான்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்றும் முதலாளி சொன்னார். ரோசம்மா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாயில் வைக்கவில்லை. சன்னல் வெளிச்சத்தில் கிளாஸைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "கோடும் இல்ல, நிறமும் இல்ல. குடிக்கலாம்."

பெட்ரோல் சிவப்பு, தண்ணீருக்கு நிறமில்லை என்று பால்வாடிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடத்தைப் படிக்க எனக்கு ஒரு முழு விமானம் செலவாயிற்று, அதுவும் அடுத்தவர் விமானம்.