இரண்டு ஸ்பூன் கால்சியம்

நீலசந்திராவிலிருந்து சைக்கிளை மிதித்து வந்து ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவதுதான் முனிராஜின் வேலை. 1991-இல் சேர்ந்தவர். மாணவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அரை விஞ்ஞானி ஆகிவிட்டார். அந்த அரைதான் அவர் குடியைக் கெடுத்தது.

ஒரே மகள் ரூபினி. தசைகள் வலுவிழந்துகொண்டே போய், ஏழு வயதில், 1999-இல் செத்துப்போனாள். தெருமுனை டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம் டானிக்கை மனைவி முத்தம்மா ஒரு வேளை தவறாமல் இரண்டு ஸ்பூன் புகட்டிவந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் நச்சரித்தபோதெல்லாம் லீவு கிடைக்காது என்று நாளைக் கடத்தியவர் முனிராஜ்தான்.

ஐந்து வருஷம் கழித்து ஒருநாள், அஷ்வின் என்ற மாணவன் உயிருள்ள செல்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்து நண்பனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். செல்லுக்குச் சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா. அதன் உட்புறம் சற்றே காரத்தன்மையோடு இருக்கும். கால்சியம் சமிக்ஞை வந்தால் அங்கே அமிலச் சமநிலை மாறும். எப்படி மாறுகிறது என்பதைத்தான் அவன் அளந்துகொண்டிருந்தான். அளவு மீறிக் கால்சியம் புகுந்தால் மைட்டோகாண்ட்ரியா நாசமாகும், செல்லே செத்துப்போகும் என்றான். கழுவிக்கொண்டிருந்த தட்டுகளை முனிராஜ் அப்படியே தொட்டியில் போட்டார்.

நேரே வீட்டுக்குப் போய் முத்தம்மாவிடம் சொன்னார்: "நீ ஊத்துன கால்சியந்தான் புள்ளைய கொன்னுச்சு."

சொன்னதும் அவருக்கு நெஞ்சு லேசானது. இதை மறைத்து என்ன பயன்? ஐந்து வருஷம் தான் சுமந்ததை அவள் தலையில் இறக்கிவைத்துவிட்டார்.

முத்தம்மா சண்டை போடவில்லை. "படிச்சவங்க கைல ஒரு தபா நல்லா கேட்டுனு வாய்யா, நான் குடுத்ததுதானான்னு" என்றாள். கேட்கிறேன் என்றார். கேட்கவில்லை. அவள் ஞாபகப்படுத்தும்போதெல்லாம் அவங்களுக்கு நேரமில்லை என்று சாக்குச் சொன்னார். டானிக் காரணமில்லை என்று தெரிந்துவிட்டால் பழி எங்கே திரும்பும் என்று அவருக்குத் தெரியாதா? பாவி மனுஷன், பயந்து செத்துக்கொண்டிருந்தார். அவளோ பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட மறுத்தாள். 2007 மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை வந்து போய்ச்சேர்ந்தாள். படுக்கையில் கிடந்தபோதும் ஒருமுறை கேட்டாள்.

மறு வருஷம் சிந்து என்ற பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். அதே ஆராய்ச்சிதான். இனி பயப்பட என்ன இருக்கிறது என்று முனிராஜ் ஒருநாள் அவளிடம் கேட்டேவிட்டார். குழந்தையைப் பற்றியும் டானிக்கைப் பற்றியும் சொன்னார். ஊற்றியது மனைவி என்றும் சொன்னார்.

சிந்து வேலையை நிறுத்திவிட்டு அவரை உட்காரச் சொன்னாள். சமிக்ஞையாக வருகிற கால்சியத்தைச் செல் தானே திறந்துவிட்டுத் தானே மூடிக்கொள்கிறது, டானிக் போய் அதைக் கூட்டிவிட முடியாது, மிஞ்சியதை உடம்பு வெளியே தள்ளிவிடும் என்று பொறுமையாக விளக்கினாள். அவளுக்கு மனசு தாளவில்லை.

"இத்தனை வருஷமா அக்கா இதையே நெனச்சிட்டு இருந்தாங்களாண்ணா? இன்னைக்கே போய்ச் சொல்லிடுங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு."

"சொல்றேம்மா" என்றார் முனிராஜ்.