ஆட்டுக்குட்டிக்கும் அதிர்ந்த பெட்டி

எட்டு வருஷமாக எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லை. ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியார் கோயிலில் நானும் றெஜினாவும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டு மன்றாடினோம். டொக்டர்மார் எங்கள் இரண்டு பேரிலும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஏதாவது குறை சொல்லியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். எந்த வீட்டுக் கொடியிலாவது பிள்ளைத்துணி காயக் கண்டால் நான் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போவேன். அப்படி ஓர் ஏக்கம்.

எனக்கு ஊர்காவற்றுறையில் சின்னதொரு கடை. போன் திருத்துவேன். மிச்ச நேரத்தில் மூளைக்குப் பட்டதைச் செய்து பார்ப்பேன். தண்ணீர் மோட்டரைத் தானாக நிறுத்தும் ரைமர், வலை மிதவையில் கட்டுகிற சார்ஜ் லைட், இப்படி உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்கள். சிலது வேலை செய்யும், சிலது புகைக்கும். நான் முன்கோபக்காரன், புகைத்ததைச் சுவரில் எறிந்தும் இருக்கிறேன். றெஜினா பொறுக்கி எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சிரிப்பாள். அவளுக்குக் காது கேளாது. ஐந்து வயதில் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. கையாலும் முகத்தாலும் பேசுவாள், நீளமாகச் சொல்ல இருந்தால் போனில் எழுதிக் காட்டுவாள்.

எழுவைதீவில் அவள் அண்ணனின் கடைசிப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். முடிந்து படகில் திரும்பி வருகிறோம். நான் வழமைபோலச் சிலுவை போட்டு, எங்களுக்கும் ஒன்றைத் தாரும் ஆண்டவரே என்று முணுமுணுத்தேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து, எழுதி, அழித்து, திரும்ப எழுதி, என் மடியில் வைத்தாள்.

"நீங்கள் பிள்ளை வேணும் எண்டு கேக்கிறீங்கள். நான் வேண்டாம் எண்டு கேக்கிறனான். எட்டு வருஷமும் அதைத்தான் கேட்டனான்."

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தரம் வாசித்தேன். அழுது அழுது மிச்சத்தையும் எழுதிக் காட்டினாள். அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது அண்ணனின் மூத்த பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளை சேலையில் கட்டிய ஏணைக்குள் நித்திரை. இவள் முதுகைக் காட்டியபடி தேங்காய் திருவிக்கொண்டிருந்திருக்கிறாள். பிள்ளை விழுந்து வீரிட்டுக் கத்தியது இவளுக்குத் தெரியவில்லை. ஆட்கள் ஓடிவந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை தப்பிவிட்டது, இப்போது சைக்கிளில் பறந்து திரிகிறான். ஆனால் அண்ணி அன்று, "செவிடியிட்டைப் பிள்ளையைக் குடுத்தது எங்கட பிழை" என்று சொன்னதை இவள் உதட்டிலேயே படித்துவிட்டாள்.

இரண்டு கிழமை நான் கோயில் பக்கம் போகவில்லை. அந்தோனியாரோடு கோபம். பொய் சொல்லக்கூடாது, அவளோடும் கோபம்தான். அடுத்த செவ்வாய் அவள் தன்னந்தனியே கோயிலுக்குப் போவதைக் கடையிலிருந்து கண்டேன். மனம் கேட்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனேன். அன்று நான் பிள்ளை கேட்கவில்லை. இவளின் பயத்தை எடுத்துவிடும், அதற்கு என் கையால் ஏதும் வேலை இருந்தால் அதையும் காட்டிவிடும் என்று அழுதேன்.

அப்படித்தான் அந்தப் பெட்டி தொடங்கியது. பழைய போன்களிலிருந்து கழற்றிய மைக்கும் பற்றறியும் ஒரு பெட்டியில். அதை ஏணைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். இன்னொரு சின்னப் பெட்டி அம்மாவின் இடுப்பில். பிள்ளை அழுதால் இடுப்பில் இருப்பது அதிரும், சிவப்பு லைட் எரியும். போனில் குழந்தை அழுகிற சத்தத்தைப் போட்டுச் சோதித்தேன். கடையில் அச்சாவாக வேலை செய்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் வினை. எங்கள் பக்கத்தில் ஆடு இல்லாத வளவு எங்கே இருக்கிறது? பக்கத்து வீட்டுப் புவனேஸ் அக்காவின் ஆட்டுக்குட்டி கத்தினாலும் பெட்டி துள்ளியது. குட்டி கத்துவதும் பிள்ளை அழுவதும் அதற்கு ஒன்றுதான். மூன்று மாதம் கழற்றிப் பூட்டினேன். ஆட்டையும் பிள்ளையையும் பிரித்துக் காட்டும் அந்தோனியாரே என்று கேட்டுக் கேட்டுக் களைத்தேன். ஒரு பலனும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அக்காவின் குட்டிபோட்ட ஆடொன்றை நாய் கடித்துப்போட்டது. ஆடு செத்தது, மிஞ்சியது பிறந்து நாலு நாளான குட்டி. "உது தப்பாது தம்பி, வீண் பாடு" என்றார் அக்கா. றெஜினா கேட்கவில்லை. குட்டியைத் தூக்கிவந்து சாக்கில் படுக்கவிட்டு, பக்கத்தில் பெட்டியையும் வைத்தாள். இடுப்பு அதிர்ந்த போதெல்லாம் குசினியிலிருந்து பால் போத்தலோடு ஓடினாள்.

ஒருநாள் மத்தியானம் சந்தியில் சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால், றெஜினா ஆட்டுக்குட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஓடி வருகிறாள். கடைக்குள் வந்து, கழற்றிக் கிடந்த போன்களுக்கு நடுவில் குட்டியை இறக்கிவிட்டாள். அதன் கழுத்தில் கம்பி கிழித்த காயம். வேலிக் கம்பியில் தலை மாட்டிக் கத்தியிருக்கிறது. என் போனை இழுத்து எழுதினாள்.

"எனக்குத் தெரிஞ்சுது. நேரத்துக்குப் போயிட்டன்."

நான் கேட்டபடி அந்தோனியார் பெட்டியைத் திருத்தித் தந்திருந்தால், அன்று அது அசைந்தே இராது. குட்டி செத்திருக்கும், அவளின் பயமும் அப்படியே இருந்திருக்கும். அந்த மேசையிலேயே தலையை வைத்து அழுதேன்.

அடுத்த செவ்வாய் கோயிலில் என் முழங்கையில் தட்டி, இண்டைக்கு நானும் உங்களோடை சேர்ந்து கேக்கிறன் என்று கையால் சொன்னாள். மறு வருஷம் எங்கள் அன்ரனிற்றா பிறந்தாள். இப்போது ஒன்றரை வயது. நெடுந்தீவில் காது கேளாத தாய்மார் இருக்கிற இரண்டு வீடுகளுக்கு அதே பெட்டியைச் செய்து கொடுத்திருக்கிறேன். சாமான்களைச் சுவரில் எறிவதையும் விட்டுவிட்டேன்.

ஓர் ஏக்கம் மிச்சம் இருக்கிறது. பிள்ளை சிரிக்கும்போது றெஜினா என்னைப் பார்த்து, இவளின் குரல் எப்படி என்று கேட்பாள். அவள் கையை எடுத்துப் பிள்ளையின் நெஞ்சில் வைப்பேன். அதற்கொரு பெட்டி செய்ய என்னால் ஏலாது. அதையும் ஆண்டவரிடம்தான் விட்டிருக்கிறேன்.

ஏங்கிக்கொண்டிருக்கிற சகோதரங்களே, நம்பிக் கேளுங்கள். கோயிலால் வெளியே வந்ததும், உங்களுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவரிடம் அவர் என்ன மன்றாடினார் என்றும் ஒருக்கால் கேளுங்கள். எட்டு வருஷத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.