அம்மா கேட்ட மன்னிப்பு

சிறுவயதில் மனத்தில் பட்ட காயங்கள் ஆறுவதற்காக எங்கள் சபையில் ஒரு ஜெபம் உண்டு. காயப்படுத்திய பெற்றோருக்குப் பதிலாக ஜெபக்குழுவில் ஒருவர் மன்னிப்புக் கேட்பார். அன்று ஓர் இளம்பெண்ணின் முன்னால் முழங்காலில் நின்றது என் அம்மா.

"உங்கம்மா எடத்துல நின்னு கேக்குறேன்மா. ரோத்தான் எடுத்து உன்ன அடிச்சதுக்கு என்னை மன்னிச்சிரு" என்று விம்மினார். அந்தப் பெண் குனிந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அம்மாவின் ரோத்தான் பிரம்பு விட்டுச்சென்ற தழும்பு என் கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது. அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். எவ்வளவு அழகாகக் கேட்கிறார்!

வீடு திரும்பும்போது டத்தோ கிராமாட் சாலைச் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம் லா அந்தப் பிள்ள. பெத்தவளுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ?"